செஷன் எழுந்தது, பக்கம் திறக்கவில்லை: ஓர் எல்என்எஸ் நிறுவலின் நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் சிறிய இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் சொந்தமாகக் கம்பி போடுவதில்லை. வீட்டு வாசல் வரை வரும் கம்பி அநேகமாக ஓபன்ரீச் என்ற வலையமைப்பு நிறுவனத்துடையது. அதற்கு மேல் ஒரு மொத்த விற்பனையாளர் இருப்பார். சந்தாதாரரின் ரவுட்டர் தொடங்குகிற பிபிபி (இரு முனைகளை நேராக இணைக்கும் நெறிமுறை) செஷனை அவர் தன் முனையில் பிடித்து, எல்டூடிபி டனல் (ஐபி வலையமைப்பின் மேல் இத்தகைய செஷன்களைச் சுமக்கும் குழாய்) ஒன்றில் போட்டு, சில்லறை நிறுவனத்தின் வாசலில் கொண்டுவந்து ஒப்படைப்பார். பிடிக்கிற பெட்டிக்குப் பெயர் எல்ஏசி. ஒப்படைப்பை வாங்கி, செஷனை முடித்துவைத்து, ஐபி முகவரி கொடுத்து இணையத்தில் விடுகிற பெட்டி எல்என்எஸ்.

அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் ஏற்கெனவே ஓர் எல்என்எஸ் ஓடிக்கொண்டிருந்தது. அது விழுந்தால் எல்லாரும் விழுவார்கள் என்பதால் இரண்டாவது ஒன்றை நிறுவினோம். பழையதை ‘அ’ என்றும் புதியதை ‘ஆ’ என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுமே சிஸ்கோ ஏஎஸ்ஆர் 1000 வரிசைப் பெட்டிகள். நிறுவனத்தின் பெயரும் மொத்த விற்பனையாளரின் பெயரும் இந்தக் கதைக்குத் தேவையில்லை. ‘ஆ’ வேலைக்கு வந்த பிறகு மூன்று கோளாறுகள் தலைகாட்டின. ஒன்று உடனே தெரிந்தது, இன்னொன்று ஒளிந்து விளையாடியது, மூன்றாவது எப்போதாவது ஒருமுறை வந்து போனது. மூன்றுக்கும் அடியில் இருந்தது ஒரே விஷயம்: எல்என்எஸ் ஒரு பேச்சுவார்த்தையின் நடுவில் வந்து உட்காருகிறது. அதற்கு முன்பு வேறு இருவர் பேசி முடித்ததும், அதற்கு வெளியே இருக்கிற வழியும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

செஷன் எப்படி வந்து சேர்கிறது

எல்டூடிபி 1999 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 2661 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. சிஸ்கோவின் எல்டூஎஃப், மைக்ரோசாஃப்ட்டும் மற்றவர்களும் சேர்ந்து செய்த பிபிடிபி, இந்த இரண்டையும் ஒன்றாக்கிச் செய்தது அது. டயல்-அப் மோடம் காலத்துச் சரக்கு என்பதால் சிஸ்கோ கட்டளையில் இன்றைக்கும் ‘ஆக்செப்ட் டயலின்’ என்றுதான் எழுத வேண்டும். ஃபைபரில் வருகிற செஷனும் அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை தொலைபேசி அழைப்புதான்.

சந்தாதாரரின் ரவுட்டர் எல்ஏசியோடு முதலில் எல்சிபி பேசுகிறது. எவ்வளவு பெரிய பாக்கெட்டை வாங்கிக்கொள்வாய், எந்த முறையில் அடையாளம் காட்டுவாய், மேஜிக் எண் என்ன என்று இரண்டும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. பிறகு ரவுட்டர் தன் பயனர் பெயரைச் சொல்கிறது. பெயரில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வருகிற ரெல்ம் பகுதியைப் பார்த்து, இது யாருடைய வாடிக்கையாளர் என்று மொத்த விற்பனையாளரின் ரேடியஸ் (பயனர்களைச் சரிபார்க்கும் சர்வர்) கண்டுபிடித்து, சில்லறை நிறுவனத்தின் ரேடியஸிடம் கேட்கிறது: இந்த ஆளை எங்கே அனுப்ப?

இந்த இடத்தில் நாம் கொடுக்கிற பதில்தான் போக்குவரத்தைப் பிரிக்கிறது. ஆர்எஃப்சி 2868 சொல்கிற டனல் பண்புகள் அதில் போகும்: டனல் வகை எல்டூடிபி, ஊடகம் ஐபிவி4, எல்என்எஸ் முகவரி, டனல் கடவுச்சொல், முன்னுரிமை எண். ஒரே பதிலில் இரண்டு எல்என்எஸ்களைச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஒவ்வொன்றின் பண்புகளுக்கும் ஒரே டேக் எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் முகவரியும் இன்னொன்றின் கடவுச்சொல்லும் ஜோடி சேர்ந்துவிடும். முன்னுரிமை எண் குறைவாக உள்ளது முதலில் தேர்வாகும். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் எல்ஏசி தன் போக்கில் பிரித்துக்கொள்ளும். நாங்கள் ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் ஒரே எண்தான் கொடுத்திருந்தோம். பிறகு வரப்போகும் குழப்பத்துக்கு இது முக்கியம்.

டனல் ஏற்கெனவே இல்லையென்றால் எல்ஏசி யுடிபி 1701 வழியாகத் தட்டும். மூன்று செய்திகளில் டனல் எழும், இன்னும் மூன்றில் அதற்குள் செஷன் எழும். செஷனை எழுப்பும் கடைசிச் செய்தி ஐசிசிஎன். எல்ஏசி இதுவரை சந்தாதாரரோடு பேசிய எல்சிபியின் சாரமும், வாங்கிய பயனர் பெயரும், சாப் (கடவுச்சொல்லை அனுப்பாமல் கேள்வி-பதிலால் அடையாளம் காட்டும் முறை) கேள்வியும் பதிலும் அதில் பொட்டலமாக வந்து சேரும். பிராக்ஸி எல்சிபி, பிராக்ஸி ஆதென்டிகேஷன் என்று இவற்றுக்குப் பெயர். இரண்டு பேர் பேசி முடித்த பத்திரத்தில் மூன்றாம் ஆளைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வது மாதிரி. படித்துவிட்டுப் போடலாம், படிக்காமலும் போடலாம், மறுபடி எழுதச் சொல்லியும் கேட்கலாம்.

‘ஆ’வில் எழுதியது

அடிப்படை அமைப்பு நீளமானதல்ல. விபிடிஎன்னை (டனல் செஷன்களைக் கையாளும் சிஸ்கோ வசதி) இயக்க வேண்டும். ஒரு விபிடிஎன் குரூப், அதற்குள் எல்டூடிபி என்ற நெறிமுறை, எந்த வர்ச்சுவல் டெம்ப்ளேட்டிலிருந்து செஷன்களை வார்த்தெடுப்பது என்ற எண், எந்த எல்ஏசிப் பெயரிலிருந்து வந்தால் ஏற்பது என்ற ‘டெர்மினேட்-ஃப்ரம் ஹோஸ்ட்நேம்’ வரி, டனல் கடவுச்சொல், பதில் அனுப்பும் லூப்பேக் முகவரி (எந்தக் கம்பியையும் சாராமல் பெட்டிக்கே உரிய முகவரி). இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எல்ஏசி தட்டியது ஒரு முகவரியை, பதில் வருவது இன்னொரு முகவரியிலிருந்து என்றால், நெறிமுறை அதை அனுமதித்தாலும் நடுவில் இருக்கிற வடிகட்டிகள் அனுமதிக்காது. ஹோஸ்ட்நேம் வரி இல்லாத குரூப் யார் வந்தாலும் ஏற்கிற பொதுக் குரூப்பாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். எல்டூடிபி தானாக எதையும் மறையாக்கம் செய்வதில்லை. எனவே 1701க்கு மொத்த விற்பனையாளரின் எல்ஏசி முகவரிகளை மட்டும் விட்டு மற்றவற்றை வெளி இடைமுகத்திலேயே தடுத்தோம்.

வர்ச்சுவல் டெம்ப்ளேட்டில் லூப்பேக் முகவரியைக் கடன் வாங்கும் வரி, சாப், எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகக்கூடிய தரவின் உச்ச அளவு) திருத்தம், கீப்பலைவ் (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை). அவ்வளவுதான். ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன், பலரையும் கடிக்கிற இடம் அது. வாடிக்கையாளர் ஒருவருக்கு மட்டும் தனி அமைப்பு வேண்டும் என்று ரேடியஸிலிருந்து ‘எல்சிபி இன்டர்ஃபேஸ்-கான்ஃபிக்’ பண்பை அனுப்பினால், அந்தச் செஷனுக்குப் பெட்டி முழு இடைமுகம் ஒன்றை உருவாக்கும். சாதாரணமாக உருவாகிற இலகுவான துணை இடைமுகம் கிடைக்காது. பத்துப் பேருக்குச் செய்தால் தெரியாது, ஆயிரக்கணக்கில் போனால் நினைவகம் அழும். அதே வேலைக்குத் தனிப் பண்புகள் இருக்கிற இடத்தில் அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். டெம்ப்ளேட்டிலிருந்து துணை இடைமுகம் வருமா என்று பார்க்க ‘டெஸ்ட் வர்ச்சுவல்-டெம்ப்ளேட்’ என்ற கட்டளையும் இருக்கிறது. ஓட்டிப் பார்க்கச் சில விநாடிகள்தான் ஆகும்.

முதல் கோளாறு: எழுந்ததும் விழுந்த செஷன்கள்

‘ஆ’வை ரேடியஸ் பதிலில் சேர்த்ததும் பெரும்பாலான செஷன்கள் ஒழுங்காக வந்தன. சில மட்டும் ஐசிசிஎன் வந்த மறுகணமே துண்டிக்கப்பட்டன. சில நொடிகளில் அதே வீடு மறுபடி தட்டும், மறுபடி விழும், பிறகு தற்செயலாக ‘அ’வுக்குப் போய் நிலைக்கும். பிபிபி பேச்சுவார்த்தையின் டீபக் பதிவை எடுத்துப் பார்த்தால் விஷயம் நேராகவே இருந்தது. மொத்த விற்பனையாளரின் ஒரு பழைய எல்ஏசித் தொகுதி சில ரவுட்டர்களோடு பாப் முறையில் (கடவுச்சொல்லையே நேராக அனுப்புவது) ஒப்பந்தம் செய்துவிட்டு அதை பிராக்ஸியாக அனுப்பியது. ‘ஆ’வின் டெம்ப்ளேட்டில் சாப் மட்டும்தான். பத்திரத்தில் இருப்பது நமக்கு உடன்பாடில்லை, மறுபடி எழுதச் சொல்லவும் நமக்கு அனுமதி இல்லை, எனவே துண்டிப்பு. ‘அ’வில் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சாபோடு பாபையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

தீர்வு இரண்டு விதமாக இருக்கலாம். பாபையும் ஏற்பது சுலபம், ஆனால் கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகப் போகும். இன்னொன்று ‘எல்சிபி ரீநெகோஷியேஷன்’. இதில் ‘ஆல்வேஸ்’ என்று போட்டால் எல்ஏசி பேசியதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, எல்என்எஸ்ஸே சந்தாதாரரோடு முதலிலிருந்து பேசும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒப்படைப்பு இணைப்பு ஒன்று விழுந்து எழும்போது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் திரும்ப வருவார்கள்; அந்த நேரத்தில் ஒவ்வொருவரோடும் மறுபடி பேச்சுவார்த்தை நடத்துவது வீண் சுமை. அடையாளம் காட்டி முடித்த பிறகு எல்சிபி திரும்பத் தொடங்கினால் மிரண்டுபோகிற மலிவு ரவுட்டர்களும் உண்டு. ‘ஆன்-மிஸ்மேட்ச்’ என்று போட்டால் வேறுபாடு இருக்கும்போது மட்டும் மறுபடி பேசும். நாங்கள் அதைத்தான் போட்டோம். அந்த ரவுட்டர்கள் சாபுக்கு மாறிக்கொண்டன.

எல்ஏசி கேட்ட சாப் கேள்வியை நம்புவதா, நாமே புதிதாகக் கேட்பதா என்ற விவாதமும் எழுந்தது. அதற்கென்றே ‘ஃபோர்ஸ்-லோக்கல்-சாப்’ இருக்கிறது. என் கருத்தில் மொத்த விற்பனை ஒப்பந்தத்தில் இது தேவையில்லை. எல்ஏசியை நம்பவில்லை என்றால், சந்தாதாரரின் எல்லாப் பாக்கெட்டும் அதன் வழியாகத்தானே போகிறது?

இரண்டாம் கோளாறு: யூடியூப் ஓடுகிறது, வங்கி திறக்கவில்லை

அப்புறம் ஒரு விசித்திரமான புகார் சொட்டுச் சொட்டாக வரத் தொடங்கியது. இணைப்பு இருக்கிறது. பிங் போகிறது. அரட்டைச் செய்திகள் போகின்றன. யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறது. ஆனால் வங்கித் தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மின்னஞ்சலில் படம் இணைத்தால் நின்றுவிடுகிறது. உதவி மையம் வழக்கம்போல “ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்” என்றது. பாதிப் பேருக்குச் சரியாகிவிட்டது. ஆகவே குற்றம் ரவுட்டர் மேல் விழுந்தது. சில நாள் கழித்து அதே ஆள் திரும்பக் கூப்பிடுவார், ஆனால் முன்பு கூப்பிட்ட எல்லாரும் திரும்பக் கூப்பிடவில்லை. இப்படியொரு புகாரில் ஆதாரமே சிதறிப்போகும்.

அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது என்ற கேள்விக்கு மேலே சொன்ன முன்னுரிமை எண்தான் பதில். புதிய செஷன் ‘அ’வில் விழலாம், ‘ஆ’விலும் விழலாம். ‘ஆ’வில் இருந்தவர் ‘அ’வுக்குப் போனால் குணமாகிவிட்டார், பிறகு என்றைக்காவது கம்பி ஒரு கணம் துண்டிக்கப்பட்டு ‘ஆ’வுக்கு வந்தால் நோய் திரும்பியது. ரவுட்டருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. டனல் எழுந்திருக்கிறது, மறுமுனை இருக்கிறதா என்று பார்க்கும் ஹலோ செய்திகள் நேரத்துக்கு வருகின்றன, இரண்டு பெட்டிகளிலும் செஷன் எண்ணிக்கை ஏறக்குறைய சமம். குட்டை உடைத்தது வேறொரு வரைபடம். மொத்தப் போக்குவரத்தை செஷன் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது ‘ஆ’வின் கோடு ‘அ’வின் கோட்டுக்கு வெகு கீழே கிடந்தது. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணுகிற கண்காணிப்பு எல்என்எஸ்ஸுக்குப் போதாது. வந்தவர் என்ன அளவு சாப்பிடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது அளவுச் சோதனை. ‘ஆ’விலிருந்து, அதில் செஷன் பிடித்திருந்த எங்கள் சொந்தச் சோதனை இணைப்புக்கு, துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு பிங் அனுப்பினோம். 1460 பைட் போனது. 1461 போகவில்லை. பிழைச் செய்தி எதுவும் திரும்பி வரவில்லை, பாக்கெட் காற்றில் கரைந்தது. இந்த எண்ணைப் பார்த்ததும் பாதி விடை கையில் வந்துவிடுகிறது. டனலில் போடும்போது வெளி ஐபி தலைப்பு 20 பைட், யுடிபி 8, நீளப் புலத்தோடு எல்டூடிபி 8, பிபிபி 4. மொத்தம் 40. 1460ஐயும் 40ஐயும் கூட்டினால் 1500. வழியில் எங்கோ 1500க்கு மேல் தாண்டாத ஒரு கட்டை கிடக்கிறது.

இந்த ஒப்படைப்பு வழியில் அப்படி இருக்கவே கூடாது. பிபிபிஓஇ (ஈதர்நெட் மேல் பிபிபி) வழியாக வருகிற சந்தாதாரரின் பாக்கெட் 1492 வரை இருக்கும், டனலில் 1532 ஆகும். பிரிட்டனின் பழைய ஏடிஎஸ்எல் இணைப்புகள் பிபிபிஓஏ (ஏடிஎம் மேல் பிபிபி), அதில் முழு 1500, டனலில் 1540. ஆர்எஃப்சி 4638 முறையில் பிபிபிஓஇயிலும் முழு 1500 வாங்குகிறவர்கள் உண்டு. ஆகவே ஒப்படைப்பு இணைப்பு முழுக்க 1540ஐத் தாங்க வேண்டும். ‘ஆ’வின் இடைமுகத்தில் 1600 என்றுதான் எழுதியிருந்தது.

கட்டை நடுவில் இருந்தது. ‘ஆ’வை முதலில் சோதித்தபோது அது மொத்த விற்பனையாளரின் போர்ட்டோடு நேர் ஃபைபரில் இருந்தது. பிறகு ராக் மாற்றத்தில் குறுக்கே ஒரு பழைய சுவிட்ச் வந்தது. அதில் ஜம்போ அளவுக்கான (1500ஐத் தாண்டிய பாக்கெட்டுகளை விடுகிற) வரி எழுதப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் அந்த வகைச் சுவிட்சில் அந்த வரி மறுதொடக்கத்துக்குப் பிறகுதான் அமலாகும். அமைப்பைப் படித்தால் எல்லாம் சரி; இப்போது நடப்பில் உள்ள அளவு என்ன என்று தனியாகக் கேட்டால்தான் 1500 என்று சொல்கிறது. ரவுட்டராக இருந்தால் பெரிய பாக்கெட்டைத் துண்டாக்கும், முடியாவிட்டால் பிழையாவது அனுப்பும். சுவிட்சுக்கு அந்தப் பேச்சே கிடையாது, கீழே போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். எல்என்எஸ்ஸோ தன் இடைமுகம் 1600 என்று நம்பியிருப்பதால் துண்டாக்குவதில்லை. இரு திசையிலும் இதே கதி.

புகாரின் விசித்திரமும் இதோடு விளங்கிவிடுகிறது. எல்சிபி, டிஎன்எஸ், பிங், ஹலோ எல்லாம் சின்னப் பாக்கெட்டுகள். வங்கித் தளம் டிசிபியில் டிஎல்எஸ் (மறையாக்க நெறிமுறை) பேசுகிறது. சர்வர் தன் சான்றிதழை அனுப்பும்போதுதான் முதல்முறை முழு அளவுப் பாக்கெட் வருகிறது, அங்கேயே சாகிறது. யூடியூப் பெரும்பாலும் குவிக்கில் (டிசிபிக்குப் பதில் யுடிபி மேல் ஓடும் நெறிமுறை) ஓடுகிறது. குவிக் குறைந்தது 1200 பைட் யுடிபி பாக்கெட்டைத் தாங்கும் வழியைத்தான் எதிர்பார்க்கிறது. அதற்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு ஓடும்போது 40 சேர்ந்தாலும் 1500க்குள் அடங்கிவிடுகிறது. “யூடியூப் வருதே, அப்ப நெட் சரியாத்தானே இருக்கு” என்ற வாதம் இனி எடுபடாது.

சுவிட்சை உடனே மறுதொடக்கம் செய்ய முடியவில்லை, வேறு சேவைகளும் அதில் இருந்தன. எனவே முதலில் ரேடியஸ் பதிலில் ‘ஆ’வின் முன்னுரிமை எண்ணை உயர்த்தி, புதிய செஷன்கள் ‘அ’வுக்கே போகும்படி செய்தோம். ‘ஆ’வில் இருக்கிறவர்களுக்காக டெம்ப்ளேட்டில் எம்எஸ்எஸ்ஸை 1452லிருந்து 1420க்கு இறக்கி, செஷன்களைச் சின்னச் சின்னத் தொகுதிகளாக விழுந்து எழ வைத்தோம். எம்எஸ்எஸ் திருத்தம் டிசிபிக்கு மட்டும்தான் மருந்து. ஐபிசெக் விபிஎன் வைத்து வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அது உதவவில்லை. அவர்களை முதல் தொகுதியிலேயே ‘அ’வுக்குத் தள்ளினோம். பராமரிப்பு இரவில் சுவிட்ச் மறுதொடக்கமானது, 1500 பைட் பிங் போனது, எம்எஸ்எஸ் பழைய அளவுக்குத் திரும்பியது.

எல்லாருக்கும் 1420 என்று நிரந்தரமாக விட்டுவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். பல நிறுவனங்கள் அப்படித்தான் ஓட்டுகின்றன. இணையத்தில் சுற்றுகிற மாதிரி அமைப்புகளில் ‘ஐபி எம்டியூ 1460’ (பாக்கெட்டின் உச்ச அளவு 1460) என்று இருப்பதும் நடு வழி 1500தான் என்ற ஊகத்தில்தான். பொது இணையத்தின் மேல் எல்டூடிபி ஓட்டினால் அது நியாயம். 1540 தாங்கும் இணைப்புக்குக் காசு கொடுத்துவிட்டு அப்படி ஓட்டுவது நோயை மறைக்கிற வேலை.

மூன்றாவது: இரண்டு வாசலில் ஒரே முகவரி

இது சிறிய விஷயம், ஆனால் இரண்டு எல்என்எஸ் வைக்கிற எல்லாருக்கும் வரும். நிலையான ஐபி வைத்திருக்கும் வாடிக்கையாளர் எந்தப் பெட்டியில் விழுந்தாலும் அவருடைய முகவரியை அந்தப் பெட்டி பிஜிபியில் (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் நெறிமுறை) தனி வழியாக அறிவிக்கும். வீட்டில் ரவுட்டரை அணைத்தால் எல்ஏசி துண்டிப்புச் செய்தி அனுப்பும், அறிவிப்பு விலகும், பிரச்சினை இல்லை. எல்ஏசிக்கும் ‘ஆ’வுக்கும் நடுவே உள்ள இணைப்பே போய்விட்டால் அந்தச் செய்தி வராது. ஹலோ இடைவெளி வழக்கமாக 60 விநாடி. அதன் பிறகு பல மறுமுயற்சிகள் தோற்ற பின்தான் டனல் செத்தது என்று ‘ஆ’ ஒப்புக்கொள்ளும். அதற்குள் வாடிக்கையாளர் ‘அ’ வழியாகத் திரும்ப வந்திருப்பார். இப்போது ஒரே முகவரியை இரண்டு பெட்டிகளும் அறிவிக்கின்றன, எந்த ரவுட்டருக்கு எது பக்கமோ அது அங்கே அனுப்புகிறது.

ஹலோவை மிகவும் குறைத்தால் சின்னத் தடுமாற்றத்துக்கெல்லாம் டனல் விழும். ஒரு டனல் விழுந்தால் அதிலுள்ள எல்லாச் செஷனும் விழும். நாங்கள் வேறு வழி எடுத்தோம். ‘அ’விலிருந்து ஒரு பயனருக்கு அக்கவுண்டிங் தொடக்கம் (செஷன் தொடங்கியது என்ற பதிவுச் செய்தி) வந்ததும், அதே பெயரில் ‘ஆ’வில் திறந்த செஷன் இருக்கிறதா என்று ரேடியஸ் பார்க்கும். இருந்தால் ஆர்எஃப்சி 5176 சொல்கிற துண்டிப்புச் செய்தியை யுடிபி 3799 வழியாக ‘ஆ’வுக்கு அனுப்பும். ரேடியஸ் சர்வரின் முகவரியை மட்டும் அந்தப் போர்ட்டில் விட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது எந்த எல்என்எஸ்ஸும் ரேடியஸ் பதிலில் சேர்வதற்கு முன் சோதனை இணைப்புக்கு முழு அளவு பிங் போக வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. நடுவில் கம்பியோ சுவிட்சோ மாறினாலும் அதே சோதனை மறுபடி நடக்கும். சிஸ்கோவில் பிங் அளவு ஐபி தலைப்பையும் சேர்த்தது, லினக்ஸில் தலைப்புகள் சேராது. ஆகவே 1500 சோதிக்க லினக்ஸில் 1472 கொடுக்க வேண்டும். ஐபிவி6 செஷன்களுக்கு இதே சோதனையைத் தனியாகச் செய்கிறோம். அங்கே தலைப்பு 20 பைட் அதிகம் என்பதால் எம்எஸ்எஸ்ஸும் அந்த அளவு குறைய வேண்டும், ஐபிவி4க்கு எழுதிய வரி ஐபிவி6க்குப் பொருந்தாது.